கேளுங்கள் சொல்கிறோம்: வெப்சாக்கெட்டில் வந்தது யார்?

போன இதழில் வெப்சாக்கெட் (பிரவுசரும் சர்வரும் லைனை மூடாமல் இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் முறை) வைத்து சாட் எழுதுவது பற்றி ஒரு சின்ன பதில் போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்கள் வேறு வேறு வார்த்தையில் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன: கனெக்‌ஷன் வந்துவிட்டது, சரி, வந்தது யார் என்று எப்படிப் பார்ப்பது? அதனால் பிரிண்டர் கேள்விகளையும் மொபைல் கேள்விகளையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு மொத்தப் பக்கத்தையும் இதற்கே கொடுத்துவிட்டோம். இங்கே ப்ரோகிராம் கோடு அச்சிடும் வழக்கம் இல்லை. வார்த்தையில் சொல்வோம், டைப் அடிப்பது உங்கள் பாடு.

கேள்வி: நோடில் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்) டபிள்யூஎஸ் என்ற வெப்சாக்கெட் லைப்ரரி வைத்து சாட் சர்வர் எழுதுகிறேன். வீடியோவில் பார்த்த பாடத்தில், கனெக்‌ஷன் ஹேண்ட்லருக்குள் சாக்கெட்டிலிருந்து 'அப்கிரேட்ரெக்' என்று ஒன்றை எடுத்து, அதில் யூஆர்எல், ஹெடர் எல்லாம் படிக்கிறார்கள். அதையே அச்சு அசலாக எழுதினாலும் எனக்கு 'அன்டிஃபைன்ட்' என்று எரர் வருகிறது. எங்கே தப்பு? (ஈரோடு வாசகர்)

பதில்: பாடம் பழசு, அவ்வளவுதான். 2017-ல் டபிள்யூஎஸ் லைப்ரரியின் 3.0 வெர்ஷன் வந்தபோது, சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த அந்த அப்கிரேட்ரெக்கைக் கழற்றிவிட்டார்கள். அதே ரிக்வெஸ்ட் அப்ஜெக்ட் இப்போது கனெக்‌ஷன் ஹேண்ட்லருக்கு இரண்டாவது ஆர்க்யூமென்டாக வருகிறது. உங்கள் ஃபங்ஷன் சாக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு கமா போட்டு 'ரெக்' என்று இன்னொன்றையும் வாங்குங்கள். யூஆர்எல், ஹெடர்ஸ் எல்லாம் அதற்குள் பழையபடியே இருக்கும். இணையத்தில் பழைய முறைப் பாடங்கள் இன்னும் நிறையக் கிடக்கின்றன, எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதலில் தேதியைப் பாருங்கள்.

எரர் இத்தோடு போய்விடும். ஆனால் அந்த ரிக்வெஸ்ட் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தின் மற்ற கேள்விகளும் சுலபமாகிவிடும் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வெப்சாக்கெட் கிளம்பும்போது ஒரு சாதாரண ஹெச்டிடிபி கெட் ரிக்வெஸ்டாகத்தான் கிளம்புகிறது. 2011 டிசம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 6455 என்ற இணைய விதி ஆவணத்தில் இதற்கான முறை இருக்கிறது. பிரவுசர் 'அப்கிரேட்' ஹெடரில் வெப்சாக்கெட் என்று எழுதி, 'கனெக்‌ஷன்' ஹெடரில் அப்கிரேட் என்று எழுதி, வெர்ஷன் 13 என்று சொல்லி, 16 பைட் ரேண்டம் மதிப்பை பேஸ்64 ஆக்கி ஒரு கீயும் வைத்து, அதோடு குக்கி, ஆரிஜின் (எந்த சைட்டின் பக்கத்திலிருந்து வருகிறது என்பது), யூசர் ஏஜென்ட் என்று வழக்கமாகப் போகிறவற்றையும் சேர்த்து அனுப்பும். சர்வர் 101 என்று ஸ்டேட்டஸ் கொடுத்ததும் ஹெச்டிடிபி பேச்சு முடிந்தது. அதே டிசிபி லைனில் அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் வெப்சாக்கெட் ஃப்ரேம்கள். அவற்றில் குக்கியும் கிடையாது, யூஆர்எல்லும் கிடையாது. கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும்போதே 'நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா' என்று கேட்டுக்கொள்வார்கள், பந்தியில் உட்கார்ந்த பிறகு இலை இலையாகப் போய் யாரும் விசாரிப்பதில்லை. அந்த மாதிரிதான்.

அதனால் மெசேஜ் ஹேண்ட்லருக்குள் 'ரெக் எங்கே' என்று தேடிப் பயனில்லை. கனெக்‌ஷன் வந்த அந்த நொடியிலேயே வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். யூசர் ஐடி, ரூம் எண், ஐபி முகவரி, பெரும்பாலும் இந்த மூன்று போதும். சின்னச் சின்ன வேரியபிளாக எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது சாக்கெட் மேலேயே ஒரு ப்ராப்பர்ட்டியாக ஒட்டிவிடுங்கள். ரெக் அப்ஜெக்டை முழுசாகப் பிடித்து வைக்காதீர்கள். மெசேஜ் ஹேண்ட்லருக்குள் ரெக் என்று ஒரு இடத்தில் எழுதிவிட்டாலே, அந்த கனெக்‌ஷன் உயிரோடு இருக்கும்வரை மொத்த ரிக்வெஸ்டும் மெமரியில் தங்கிவிடும். பத்துப் பேர் சாட் பண்ணும் ப்ராஜெக்டில் தெரியாது, ஆயிரக்கணக்கில் சாக்கெட் திறந்து கிடக்கும் இடத்தில் தெரியும். இன்னொன்று, ஐபி முகவரியை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று குளோஸ் ஹேண்ட்லரில் போய்க் கேட்டால், சாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கும், அங்கேயும் அன்டிஃபைன்ட்தான்.

யூஆர்எல் பற்றி இரண்டு வார்த்தை. ரெக்கில் இருக்கும் யூஆர்எல் முழு முகவரியாக வராது, சாய்கோட்டில் தொடங்கும் பாத்தும் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதும் மட்டும்தான். அதை அப்படியே யூஆர்எல் கிளாஸிடம் கொடுத்தால் 'இன்வேலிட் யூஆர்எல்' என்று கத்தும். இரண்டாவது ஆர்க்யூமென்டாக ஏதாவது ஒரு பேஸ் முகவரி, லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால்கூட, போதும். ஹெடர் பெயர்களை நோட் சின்ன எழுத்தாக்கித்தான் தரும், பெரிய எழுத்தில் தேடினால் கிடைக்காது.

கேள்வி: எக்ஸ்பிரஸில் (நோடில் வெப் சர்வர் எழுதும் ஃப்ரேம்வொர்க்) லாகின், செஷன் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. அதே சர்வரில் வெப்சாக்கெட்டும் சேர்த்தேன். ஹேண்ட்லரில் ரெக் கிடைக்கிறது, ஆனால் அதில் செஷன் இல்லை, குக்கீஸ் இல்லை, குவெரி இல்லை, ஒன்றுமே இல்லை. குக்கி பார்சர், செஷன் மிடில்வேர் (ரிக்வெஸ்ட் ரூட்டுக்குப் போகும் முன் இடையில் ஓடும் ஃபங்ஷன்) எல்லாம் போட்டிருக்கிறேனே? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: போட்டிருக்கிறீர்கள், ஓடவில்லை. நோடின் ஹெச்டிடிபி சர்வர் சாதாரண ரிக்வெஸ்ட் வந்தால் 'ரிக்வெஸ்ட்' என்ற ஈவென்டை எழுப்பும், அப்கிரேட் கேட்டு வந்தால் 'அப்கிரேட்' என்ற வேறொரு ஈவென்டை எழுப்பும். எக்ஸ்பிரஸ் காதைத் தீட்டி வைத்திருப்பது முதலாவதுக்கு மட்டும்தான். வெப்சாக்கெட் ரிக்வெஸ்ட் எக்ஸ்பிரஸ் பக்கமே போகாமல் நேராக டபிள்யூஎஸ் கைக்குப் போய்விடுகிறது, அதனால் உங்கள் மிடில்வேர் வரிசையில் ஒன்றுகூட அதைத் தொடுவதில்லை. குவெரி, பாரம்ஸ், ஐபி, செஷன் எல்லாம் எக்ஸ்பிரஸும் மிடில்வேர்களும் ஒட்டவைக்கும் சரக்கு. உங்கள் கையில் இருப்பது ஒட்டு எதுவும் இல்லாத நோடின் சொந்த அப்ஜெக்ட்.

இதைச் சரிசெய்ய, செஷன் மிடில்வேரை ஆப்பில் மாட்டும்போதே ஒரு வேரியபிளிலும் வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூஎஸ் சர்வரை 'நோசர்வர்' ஆப்ஷன் கொடுத்து உருவாக்குங்கள், அதாவது அது தானாக எந்த ஹெச்டிடிபி சர்வரோடும் ஒட்டாது. பிறகு ஹெச்டிடிபி சர்வரின் அப்கிரேட் ஈவென்டை நீங்களே பிடியுங்கள். அங்கே ரெக், சாக்கெட், ஹெட் என்று மூன்று வரும். அந்த இடத்தில் செஷன் மிடில்வேரை நீங்களே கையால் கூப்பிடுங்கள்: முதலில் ரெக், ரெஸ்பான்ஸுக்குப் பதில் ஒரு காலி அப்ஜெக்ட், மூன்றாவதாக ஒரு கால்பேக். கால்பேக்குக்குள் வந்தால் ரெக்கில் செஷன் வந்திருக்கும். யூசர் ஐடி இல்லையா, 401 என்ற ஹெச்டிடிபி வரியை நேராக சாக்கெட்டில் எழுதி அதை மூடிவிடுங்கள். இருக்கிறதா, 'ஹேண்டில் அப்கிரேட்' கூப்பிட்டு, கிடைக்கும் வெப்சாக்கெட்டையும் ரெக்கையும் சேர்த்து கனெக்‌ஷன் ஈவென்டை நீங்களே எழுப்புங்கள். ஈவென்டை எழுப்பும் இந்த எமிட்டில் ரெக்கைக் கொடுக்க மறந்துவிட்டு 'இரண்டாவது ஆர்க்யூமென்ட் வரவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதை அங்கே கொடுக்கவேண்டியது நீங்கள்தான்.

'வெரிஃபை கிளையன்ட்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வேலையும் செய்யும், ஆனால் அதைத் தவிர்த்துவிட்டு அப்கிரேட் ஈவென்டிலேயே சரிபார்க்கச் சொல்வதுதான் இப்போதைய வழக்கம்.

இதில் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. செஷன் என்பது நீங்கள் படித்த அந்த நேரத்து நிலைமை. யூசர் இன்னொரு டேபில் லாக்அவுட் பண்ணினால் செஷன் அழியும், ஆனால் திறந்திருக்கும் வெப்சாக்கெட்டுக்கு அது தெரியவே தெரியாது, அது பாட்டுக்கு மெசேஜ் வாங்கிக்கொண்டும் அனுப்பிக்கொண்டும் இருக்கும். அதனால் யூசர் ஐடிக்கு எதிரே அவருடைய சாக்கெட்டுகளை ஒரு மேப்பில் போட்டு வைத்து, லாக்அவுட் ரூட்டில் அவற்றைத் தேடி மூடுங்கள். ஒரே ஆள் மூன்று டேப் திறந்திருப்பார் என்பதால் ஐடிக்கு ஒரு சாக்கெட் என்று வைக்காமல் ஒரு செட்டாக வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஏபிஐ முழுக்க ஆத்தரைசேஷன் ஹெடரில் பேரர் டோக்கன் (கையில் வைத்திருப்பவரை உள்ளே விடும் அடையாள ஸ்ட்ரிங்) வைத்து ஓடுகிறது. பிரவுசரில் வெப்சாக்கெட் திறக்கும்போது அந்த ஹெடரை எப்படி வைப்பது? எவ்வளவு தேடியும் வழி தெரியவில்லை. (சென்னை வாசகர்)

பதில்: வழி இல்லை, அதனால்தான் தெரியவில்லை. பிரவுசரின் வெப்சாக்கெட் கன்ஸ்ட்ரக்டர் காலங்காலமாக வாங்குவது இரண்டே விஷயம், யூஆர்எல் ஒன்று, சப்ப்ரோட்டோகால் (சாக்கெட்டுக்குள் எந்த முறையில் பேசுவது என்பதன் பெயர்) பட்டியல் ஒன்று. ஹெடர் வைக்க இடமே கிடையாது. நோடில் எழுதிய கிளையன்ட், பைத்தான் ஸ்கிரிப்ட் இவற்றில் எல்லாம் ஹெடர் வைக்கலாம் என்பதால், டெஸ்ட் பண்ணும்போது ஓடியது பிரவுசரில் ஓடவில்லை என்ற குழப்பம் வருகிறது. ஆக, டோக்கனை வேறு பாதையில்தான் கொண்டுபோக வேண்டும்.

குக்கி இருந்தால் தொல்லையே இல்லை, பிரவுசர் தானாக அனுப்பிவிடும். ஆனால் 'தானாக' என்பதில்தான் வில்லங்கம். வேறொரு சைட்டில் இருக்கும் பக்கம் உங்கள் சர்வருக்கு வெப்சாக்கெட் திறந்தால் பிரவுசர் தடுக்காது. ஃபெட்ச்சுக்கு இருக்கிற கார்ஸ் காவல் (வேறு சைட்டின் பக்கம் பதிலைப் படிக்காமல் தடுக்கும் பிரவுசர் விதி) இங்கே கிடையாது. உங்கள் யூசர் லாகின் ஆகியிருக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால், அவர் குக்கியோடு அந்தப் பக்கத்துக்கு ஒரு கனெக்‌ஷன் கிடைத்துவிடலாம். குக்கியில் சேம்சைட்டை (வேறு சைட்டிலிருந்து கிளம்பும் ரிக்வெஸ்டில் குக்கி போகலாமா என்ற அமைப்பு) லாக்ஸ் அல்லது ஸ்ட்ரிக்ட் என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கும், ஆனாலும் ஹேண்ட்ஷேக்கில் ஆரிஜின் ஹெடரைப் பார்த்து, உங்கள் பட்டியலில் இல்லாததைத் திருப்பி அனுப்புங்கள். பிரவுசர் ஆரிஜினைக் கண்டிப்பாக வைக்கும், பக்கத்தில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் அதை மாற்ற முடியாது. பிரவுசர் அல்லாத ப்ரோகிராம் எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்பும் என்பதால் ஆரிஜினை மட்டும் பார்த்து ஒருவரை 'இவர்தான் அவர்' என்று முடிவு கட்டாதீர்கள்.

யூஆர்எல்லின் வாலில் டோக்கனை வைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. ஓடும். டபிள்யூஎஸ்எஸ் (என்கிரிப்ட் செய்த வெப்சாக்கெட்) என்றால் வழியில் யாரும் படிக்கவும் முடியாது. ஆனால் சர்வருக்கு வந்து சேர்ந்ததும் அது லாகில் விழும். முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜினெக்ஸின் வழக்கமான ஆக்சஸ் லாக் முழு ரிக்வெஸ்ட் வரியையும், கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்துத்தான் எழுதுகிறது. (அந்த வரி வெப்சாக்கெட் மூடும்போதுதான் எழுதப்படும், கனெக்‌ஷன் வந்ததும் லாகில் தேடிவிட்டு 'ஒன்றும் விழவில்லையே' என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.) மாதக்கணக்கில் செல்லும் டோக்கன் லாக் ஃபைலில் கிடப்பது எனக்குப் பிடிக்காது. இன்னொரு சின்னச் சிக்கல், பேஸ்64 டோக்கனில் கூட்டல் குறி இருந்தால் குவெரியைப் பிரிக்கும்போது அது வெறும் இடைவெளியாகிவிடும். சில யூசருக்கு மட்டும் லாகின் ஆகவில்லை, சிலருக்கு ஆகிறது என்று புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். அனுப்பும் பக்கத்தில் என்கோடு பண்ணினால் சரியாகிவிடும்.

சப்ப்ரோட்டோகாலில் டோக்கனைச் சொருகுவது ஒரு குறுக்கு வழி. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ்கூட இதைச் செய்கிறது, பேரர் டோக்கனை பேஸ்64யூஆர்எல் ஆக்கி ஒரு சப்ப்ரோட்டோகால் பெயராக வாங்கிக்கொள்கிறது. சமக்குறி, சாய்கோடு இங்கே செல்லாது என்பதால்தான் அந்த என்கோடிங். பிரவுசர் சப்ப்ரோட்டோகால் கேட்டால் சர்வர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து பதிலில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் குரோம் கனெக்‌ஷனையே முறித்துவிடும். டபிள்யூஎஸ் லைப்ரரி சும்மா விட்டால் பட்டியலில் முதலாவதை எடுத்துத் திருப்பிச் சொல்லும், ஆகவே டோக்கனை முதலில் வைத்தால் அது ரெஸ்பான்ஸ் ஹெடரிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். நிஜமான ஒரு பெயரை முதலில் வைத்து டோக்கனை இரண்டாவதாக வையுங்கள்.

நான் செய்யச் சொல்வது வேறு. வெப்சாக்கெட் திறப்பதற்கு முன்னால், உங்கள் வழக்கமான ஏபிஐயில் ஆத்தரைசேஷன் ஹெடரோடு ஒரு கால் போட்டு ஒரு டிக்கெட் வாங்குங்கள். சர்வர் ஒரு ரேண்டம் ஸ்ட்ரிங் உருவாக்கி, யாருக்குக் கொடுத்தது என்று ரெடிஸில் (மெமரியிலேயே வைக்கும் டேட்டாபேஸ்) குறித்து, 30 விநாடி ஆயுள் வைத்துக் கொடுக்கட்டும். பிரவுசர் அந்த டிக்கெட்டை யூஆர்எல்லில் வைத்து வெப்சாக்கெட் திறக்கும், அப்கிரேட் ஹேண்ட்லர் அதைப் பார்த்ததும் ரெடிஸிலிருந்து அழித்துவிடும். லாகில் விழுந்தால் விழட்டும், செத்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

கனெக்‌ஷனைத் திறந்துவிட்டு முதல் மெசேஜாக டோக்கனை அனுப்பும் முறையும் உண்டு. அதில் யார் என்று தெரியாத சாக்கெட்டுகள் கொஞ்ச நேரம் உள்ளே இருக்கும், ஐந்து பத்து விநாடிக்குள் டோக்கன் வராவிட்டால் மூடுகிற டைமர் ஒன்று போடாமல் இதைச் செய்யாதீர்கள். வெப்சாக்கெட் மேல் கட்டிய சாக்கெட்.ஐஓ லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வேலையெல்லாம் மிச்சம். 'ஆத்' என்ற ஆப்ஷனில் டோக்கனைக் கொடுத்தால் சர்வர் பக்கம் ஹேண்ட்ஷேக் அப்ஜெக்டில் அப்படியே வந்துவிடும், ஹெடர், குவெரி, முகவரி எல்லாமும் அதே இடத்தில்தான். ஆனால் சாக்கெட்.ஐஓ கிளையன்ட் வெறும் வெப்சாக்கெட் சர்வரோடு பேசாது, இரண்டு பக்கமும் அதுவாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: யார் வந்தாலும் ஐபி 127.0.0.1 (அதே மெஷின்) என்றே காட்டுகிறது. முன்னால் என்ஜினெக்ஸ் இருக்கிறது. (மதுரை வாசகர்)

பதில்: உங்கள் நோட் சர்வரைப் பொறுத்தவரை வந்தது என்ஜினெக்ஸ்தான், அது சொல்வது உண்மை. நிஜ முகவரியை என்ஜினெக்ஸ் 'எக்ஸ் ஃபார்வர்டட் ஃபார்' ஹெடரில் வைத்து அனுப்பும்படி அதன் கான்ஃபிகில் எழுத வேண்டும். எப்படியும் வெப்சாக்கெட்டுக்காக ஹெச்டிடிபி வெர்ஷன் 1.1, அப்கிரேட் ஹெடர், கனெக்‌ஷன் ஹெடர் என்று அங்கே எழுதியிருப்பீர்கள், அதன் கீழேயே இதையும் ஒரு வரி சேருங்கள்.

அந்த ஹெடரில் கமா போட்டுப் பல முகவரி வரும். முதலாவதை எடுத்துக்கொள் என்று பல இடத்தில் சொல்வார்கள், கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். என்ஜினெக்ஸின் வழக்கமான அமைப்பு, வந்த ஹெடரின் கடைசியில் தான் பார்த்த முகவரியை ஒட்டும். கிளையன்டே ஒரு பொய் முகவரியை எழுதி அனுப்பியிருந்தால் அது முதலாவதாக இருக்கும், உண்மை அதன் பின்னால் இருக்கும். முன்னால் ஒரே ஒரு ப்ராக்சி என்றால் கடைசி முகவரியை எடுங்கள். இரண்டு என்றால் கடைசியிலிருந்து இரண்டாவது. எக்ஸ்பிரஸில் 'டிரஸ்ட் ப்ராக்சி' வைத்திருக்கிறேன் என்றால், மேலே திருநெல்வேலி வாசகருக்குச் சொன்ன அதே காரணத்தால் அது இங்கே உதவாது. நோட் போர்ட்டை வெளியிலிருந்து நேராகத் தொட முடியாதபடி மூடியும் வையுங்கள், இல்லாவிட்டால் என்ஜினெக்ஸைச் சுற்றிக்கொண்டு வந்து ஹெடரில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

கேள்வி: கனெக்‌ஷன் ஹேண்ட்லரில் ரெக்கிலிருந்து டோக்கன் எடுத்து, டேட்டாபேஸில் சரிபார்த்து, அப்புறம் மெசேஜ் ஹேண்ட்லரை மாட்டுகிறேன். என் லேப்டாப்பில் கச்சிதமாக ஓடுகிறது. சர்வரில் ஏற்றினால் சில சமயம் முதல் மெசேஜ் மட்டும் காணாமல் போகிறது. எரரும் இல்லை. (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: 'அப்புறம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் போகிறது. கனெக்‌ஷன் ஹேண்ட்லர் ஓடும்போது ஹேண்ட்ஷேக் முடிந்துவிட்டது, கிளையன்ட் பக்கம் ஓப்பன் ஈவென்ட் எழும்பி அது முதல் மெசேஜை அனுப்பிவிடும். நீங்கள் டேட்டாபேஸுக்காக அவெயிட் போட்டுக் காத்திருக்கிறீர்கள். மெசேஜ் வந்து ஈவென்ட் எழும்புகிறது, கேட்க ஆளில்லை, போய்விடுகிறது. ஹேண்ட்லர் மாட்டாத ஈவென்டை நோட் சேர்த்து வைக்காது, குறையும் சொல்லாது. லேப்டாப்பில் டேட்டாபேஸ் பக்கத்திலேயே இருப்பதால் பதில் சீக்கிரம் வந்து தப்பித்தீர்கள்.

சரிபார்ப்பை அப்கிரேட் ஈவென்டுக்குத் தள்ளுங்கள், இதுதான் நல்ல வழி. அங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் 101 போகவில்லை, அதனால் கிளையன்ட் எதையும் அனுப்ப முடியாது. ஒன்று கவனியுங்கள், காத்திருக்கும் நேரத்தில் கிளையன்ட் லைனை முறித்தால் அந்தச் சாக்கெட்டில் எரர் ஈவென்ட் எழலாம், அதைப் பிடிக்க ஹேண்ட்லர் இல்லாவிட்டால் மொத்த ப்ராசஸும் விழும். ஒரு எரர் ஹேண்ட்லரை மாட்டிவிட்டு, ஹேண்டில் அப்கிரேடைக் கூப்பிடுவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். ஏதோ காரணத்தால் கனெக்‌ஷன் ஹேண்ட்லரிலேயே சரிபார்த்தாக வேண்டும் என்றால், மெசேஜ் ஹேண்ட்லரை முதல் வரியிலேயே மாட்டி, வருவதை ஒரு அரேயில் சேர்த்து, சரிபார்த்து முடிந்ததும் வரிசையாகப் பிரித்து எடுங்கள். அரேக்கு ஒரு அளவு வையுங்கள், இல்லாவிட்டால் யாரென்றே தெரியாத ஆள் உங்கள் மெமரியை நிரப்புவார்.

கேள்வி: ஃபாஸ்ட்ஏபிஐயில் (பைத்தான் ஃப்ரேம்வொர்க்) மற்ற ரூட்களுக்கெல்லாம் ஹெச்டிடிபி பேரர் டிபென்டென்சி (ரூட்டுக்கு முன்னால் ஓடி டோக்கனை எடுத்துத் தரும் பகுதி) வைத்திருக்கிறேன். அதையே வெப்சாக்கெட் ரூட்டில் வைத்தால் 'ரிக்வெஸ்ட்' ஆர்க்யூமென்ட் இல்லை என்று எரர் வருகிறது. (கோவை வாசகர்)

பதில்: அந்த டிபென்டென்சி ரிக்வெஸ்ட் அப்ஜெக்டைக் கேட்கிறது, வெப்சாக்கெட் ரூட்டில் இருப்பது வெப்சாக்கெட் அப்ஜெக்ட் மட்டும்தான். உங்களுக்கு வேண்டிய ஹெடர்ஸ், குக்கீஸ், குவெரி பாரம்ஸ், கிளையன்ட் எல்லாம் அந்த அப்ஜெக்டிலேயே அதே பெயரில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே டிபென்டென்சி ஓட வேண்டும் என்றால் ஃபாஸ்ட்ஏபிஐக்கு அடியில் இருக்கும் ஸ்டார்லெட்டின் 'ஹெச்டிடிபி கனெக்‌ஷன்' என்ற டைப்பைக் கேட்டு எழுதுங்கள், ரிக்வெஸ்ட், வெப்சாக்கெட் இரண்டுக்கும் அதுதான் தாய் கிளாஸ். அக்செப்ட் கூப்பிடுவதற்கு முன்னாலேயே குளோஸ் பண்ணினால் கிளையன்டுக்கு 403 போகும்.

ஜாங்கோவில் (இன்னொரு பைத்தான் ஃப்ரேம்வொர்க்) சேனல்ஸ் வைத்து வெப்சாக்கெட் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வரி: எல்லாம் ஸ்கோப் டிக்‌ஷனரியில் இருக்கும், ஆனால் ஹெடர்கள் டிக்‌ஷனரியாக இராது, பைட் ஜோடிகளின் பட்டியலாக இருக்கும். குவெரி ஸ்ட்ரிங்கும் பைட்தான். டிகோட் பண்ணாமல் ஸ்ட்ரிங்கோடு ஒப்பிட்டுவிட்டு 'ஹெடர் வரவில்லை' என்று எழுதாதீர்கள்.

கேள்வி: டோக்கன் தப்பாக இருந்தால் 401 கொடுக்கிறேன். பிரவுசரில் 1006 (லைன் ஒழுங்காக மூடாமல் முறிந்தது) என்று மட்டும்தான் தெரிகிறது. யூசருக்கு 'உள்நுழைவு காலாவதியாகிவிட்டது' என்று தமிழில் காட்ட வேண்டும், என்ன செய்வது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஹேண்ட்ஷேக் தோற்றால் என்ன ஸ்டேட்டஸ் வந்தது என்று பக்கத்தில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரவுசர் சொல்லாது, பாதுகாப்புக்காக வேண்டுமென்றே மறைக்கிறது. டெவலப்பர் டூல்ஸில் நீங்கள் பார்க்கலாம், உங்கள் கோடு பார்க்க முடியாது. காரணம் போய்ச் சேர வேண்டுமென்றால் கனெக்‌ஷனை ஏற்றுக்கொண்டு, உடனே ஒரு குளோஸ் கோடோடு மூட வேண்டும். 4000 முதல் 4999 வரை ஆப் எழுதுகிறவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். 401-ஐ நினைவு வைத்துக்கொள்ள வசதியாக 4401 என்று வைத்துக்கொள்ளலாம். பொய் ஆரிஜின், ரேண்டம் டோக்கன் என்று வருகிறவர்களுக்கு இந்த மரியாதை தேவையில்லை, 401 போதும். காலாவதியான டோக்கனுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

கோடோடு ஒரு காரண வாக்கியமும் அனுப்பலாம், ஆனால் அதற்கு 123 பைட்தான் இடம். யூடிஎஃப்8-ல் தமிழுக்கு ஒவ்வொரு குறியீடும் 3 பைட், மெய்யின் புள்ளிக்கும் 'கி'-யின் மேல்விலங்குக்கும் தனித்தனியாக 3. நீங்கள் எழுதிய வாக்கியமே 82 பைட் ஆகிறது. அதன் பின்னால் 'தயவுசெய்து மறுபடி லாகின் செய்யவும்' என்று மரியாதையாகச் சேர்த்தால் 123-ஐத் தாண்டும், தாண்டினால் டபிள்யூஎஸ் லைப்ரரி எரர் எறியும், அதை யாரும் பிடிக்காவிட்டால் ஒரு யூசரின் பழைய டோக்கனுக்காக மொத்த சர்வரும் படுத்துவிடும். எண்ணை மட்டும் அனுப்புங்கள். தமிழ் வாக்கியம் பிரவுசர் பக்கத்துக் கோடில் இருக்கட்டும், 4401 வந்தால் அதை எடுத்துக் காட்டுங்கள்.